‘1 கழி’: பெரியாற்று மலைப் பெண் ஒருவரின் இதய மாற்று

இந்த நோயாளிக்கு வயது 31. ஊர், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வீடு, அங்குள்ள லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. தாத்தா காலத்தில் கம்பம் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் மலையாளம். நான் கொச்சியில் ஒரு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். கத்தி பிடிப்பது என் வேலையில்லை. பட்டியலில் பெயர் சேர்ப்பது, பெட்டியோடு ஆம்புலன்சில் ஏறுவது, வீட்டுக்குப் போனவர்களிடம் மாத்திரைக் கணக்குக் கேட்பது எல்லாம் என் தலையில். தமிழ் பேசுகிறவள் என்பதால் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் என் பக்கம்தான். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாவது பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பனிக்காலம், மலைமேல் வீடு. இரைப்பு என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறார் என்று தெரிந்த பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு 18 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி, பிரசவமாகி ஐந்து மாதம் வரைக்கும் தலைகாட்டும் இதயத் தசை நோய் இது. பலருக்கு மருந்திலேயே தேறிவிடும். இவருக்குத் தேறவில்லை. 14 மாதம் பார்த்துவிட்டு, கேரள அரசின் மிருதசஞ்சீவனி பட்டியலில் பெயரைப் பதிந்தோம். ரத்த வகை பி, எடை 46 கிலோ, நுரையீரல் ரத்தக்குழாயின் எதிர்ப்பு 2.8 வுட் அலகு. வலது கீழறை தாங்கும் என்று சொல்லத்தக்க அளவு.

ஒரு எண் மட்டும் உறுத்தியது. பி.ஆர்.ஏ. என்ற பரிசோதனையில் 38 சதவீதம். அதாவது, நூறு பேர் இதயம் கொடுக்க வந்தால் அதில் 38 பேருடைய திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இவர் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ரத்தம் ஏற்றிக்கொண்டதே இல்லை. வேறெங்கிருந்து வந்தது? இரண்டு பிள்ளைகளிடமிருந்து. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் செல்களில் பாதி அடையாளம் அப்பாவுடையது. எச்.எல்.ஏ. என்கிற அந்தத் திசு அடையாளம் தாயின் உடம்புக்கு அந்நியம். பிள்ளையை உடம்பு பொறுத்துக்கொள்கிறது, ஆனால் பார்த்ததை மறப்பதில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதயம் கிடைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயம் வந்த இரவு

அழைப்பு திருவனந்தபுரத்திலிருந்து. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞர். நாலு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்த பிறகுதான் சட்டப்படி எதையும் தொட முடியும். இவருடைய எதிர்ப்பொருள் எதுவும் அந்த இளைஞரின் அடையாளங்களோடு மோதவில்லை என்று ஆய்வகம் சொன்னது. சரி, கிளம்பலாம்.

அந்த வழித்தடத்தில் 2015 ஜூலையில் கடற்படையின் டோர்னியர் விமானம் ஓர் இதயத்தைக் கொச்சிக்குக் கொண்டு வந்தது. அந்தப் படத்தை இன்னும் எல்லோரும் பகிர்கிறார்கள். ஆனால் எல்லா இரவும் விமானம் வராது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஆம்புலன்ஸ், முன்னால் ஒரு போலீஸ் ஜீப், 200 கிலோமீட்டர் ரோடு.

நேரக் குறிப்பு இது: அதிகாலை 2.10-க்கு மகாதமனியில் ரத்தத்தை நிறுத்தும் கிளாம்ப். 2.38-க்குப் பெட்டி வண்டியில். 5.19-க்கு எங்கள் தியேட்டர் வாசல். 6.24-க்கு இவருடைய மார்புக்குள் அந்த இதயத்துக்கு ரத்தம். மொத்தம் 4 மணி 14 நிமிடம். இதயத்துக்கு 4 மணி நேரம் என்பதுதான் பொதுவாக எல்லோரும் வைத்திருக்கும் கோடு.

பெட்டி என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். கொச்சியில் மீன் வாங்கப் போகிறவர்கள் கையில் இருக்குமே, அதே ஐஸ் பெட்டிதான். உள்ளே மூன்று பை. முதல் பையில் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலில் மூழ்கிய இதயம். இரண்டாவதில் உப்புக் கரைசலும் நொறுங்கிய பனியும். மூன்றாவது, சும்மா ஒரு காப்பு. ஐஸ் கட்டி நேராகத் தசையில் படக்கூடாது. பட்டால் அந்த இடம் பூஜ்யத்தை நெருங்கி, திசு வெந்ததுபோல் கெட்டுவிடும். மூன்று மணி நேரமும் நான் செய்தது அதன் மேல் ஒரு கையை வைத்திருந்ததுதான். கை வைத்ததால் எதுவும் ஆகப்போவதில்லை. 4-லிருந்து 8 டிகிரிக்குள் நிலையாக வைத்திருக்கும் பெட்டிகளும், வெதுவெதுப்பான ரத்தம் ஓட வைத்து இதயத்தைத் துடிக்க விட்டே கொண்டு வரும் கருவிகளும் இன்று உலகத்தில் இருக்கின்றன. விலையைக் கேட்டால் நிர்வாகம் பேச்சை மாற்றும்.

குளிர் என்ன செய்கிறது? 37 டிகிரியிலிருந்து 4-க்கு இறக்கினால் செல்லின் பசி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. நின்றுபோகாது. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சப் பசிக்கும் ஆக்சிஜன் இல்லை. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. கையிருப்பு கரைகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு குளிரில் ஏற்கெனவே முடங்கிவிட்டது. சோடியம் உள்ளே வர, பின்னாலேயே தண்ணீரும் வர, செல் ஊறிய அரிசி மாதிரி உப்புகிறது. அதற்காகத்தான் கரைசல். எங்களிடம் இருந்தது கஸ்டோடியால். ஹிஸ்டிடின் அமிலத்தன்மையைத் தாங்கிக்கொள்ளும், மேனிட்டால் தண்ணீரை வெளியே பிடித்து வைக்கும்.

இவ்வளவும் சேதத்தின் ஒரு பாதி. மறுபாதி ரத்தம் திரும்பி வரும்போது நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லுக்குள் சக்சினேட் என்ற வேதிப்பொருள் குவிந்துகொண்டே போகும். கிளாம்பை எடுத்ததும் ஆக்சிஜன் பாய, அந்தக் குவியல் சில நிமிடத்தில் எரிந்து, வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் துகள்களாகப் பொங்குகிறது. தியேட்டரில் எல்லோரும் ‘துடிச்சிடுச்சு’ என்று மூச்சு விடுகிற அதே நேரம் அது. உடைந்த செல்களின் துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பின் முதல்நிலைக் காவலுக்கு அந்தத் துண்டுகளும் கிருமியும் ஒன்றுதான், இங்கே ஏதோ அடிபட்டிருக்கிறது என்ற தகவல். ரத்தக்குழாயின் உட்பூச்சு ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டுகிறது. அந்நிய அடையாளங்களையும் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டத் தொடங்குகிறது. கொடையாளியின் இதயத்தோடு கூடவே பயணம் வந்த டென்ட்ரைட்டிக் என்ற காவல் செல்கள் விழித்து, பெற்றவரின் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், தாக்குகிற வேலையுள்ள டி செல்களிடம் சாட்சி சொல்கின்றன.

உறுப்பைக் கெடாமல் பாதுகாப்பது ஒரு பாடம், உடம்பு அதை அந்நியம் என்று தாக்கும் நிராகரிப்பு வேறொரு பாடம் என்று பிரித்துப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பெட்டிக்குள் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு எழுதப்படும் கடிதம்தான். இன்னும் சொல்லப்போனால் பெட்டிக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மூளை சாகும் நேரத்தில் உடம்பில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது, அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன. கிளாம்ப் போடும்போதே அந்த இதயம் ஒரு அடி வாங்கியிருக்கும்.

இதயத்தை எடுத்த திருவனந்தபுரம் தியேட்டரில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் நுரையீரல் குழு நின்றது. அவர்கள் முகத்தில் எங்கள் அவசரம் இல்லை. நுரையீரல் காற்றோடு கட்டப்பட்டுப் போகிற உறுப்பு. பாதி ஆக்சிஜன் கலந்த காற்றை நிரப்பி மூச்சுக்குழாயை மூடிவிட்டால், உள்ளே இருப்பதை வைத்தே கொஞ்சம் சமாளிக்கும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம். கரைசலும் வேறு, பொட்டாசியம் குறைந்த, டெக்ஸ்ட்ரான் கலந்தது. ஐஸுக்குப் பதில் 10 டிகிரியில் வைத்தால் நுரையீரல் இன்னும் நன்றாக இருக்கிறது என்று டொராண்டோ குழு 2021-இல் வெளியிட்டதிலிருந்து, இரவில் எடுத்துக் காலையில் வைப்பது என்ற பேச்சே வந்துவிட்டது. ஆனால் பயணத்தில் சுகமாக வருகிற நுரையீரல், பிற்பாடு படுத்துகிறது. ஒவ்வொரு மூச்சிலும் தூசும் கிருமியும் தொடுகிற உறுப்பு, எதிர்ப்புச் செல்கள் நிறைந்த உறுப்பு. பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் நாட்பட்ட நிராகரிப்பு வந்து சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைகின்றன. இதயம் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டு தாண்டுகிறார்கள். நுரையீரலில் அது ஆறு ஆண்டை ஒட்டியே நிற்கிறது.

முதல் நூறு நாள்

எங்கள் நோயாளியின் புது இதயம் சோம்பலாகத்தான் எழுந்தது. இரண்டு நாள் பலூன் பம்பு, மூச்சோடு நைட்ரிக் ஆக்சைடு, நாலு நாள் இதயத்தை வலுவாகத் துடிக்க வைக்கும் மில்ரினோன். வகைப்படுத்தினால், நடுத்தர அளவிலான முதல்நிலைச் செயலிழப்பு. ஆறாம் நாள் கண்ணைத் திறந்து, பால் கட்டியிருக்கா என்று கேட்டார். சின்னவனுக்கு அப்போது ஒன்றரை வயது. பால் மறந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

முன்பே எதிர்ப்பொருள் உள்ளவர் என்பதால் தொடக்கத்திலேயே முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர் தைமோசைட் குளோபுலின் கொடுத்து டி செல்களைக் குறைத்தார்கள். அப்புறம் எதிர்ப்பை அடக்கும் வழக்கமான மூன்று மருந்து: டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரட்னிசலோன். கேப் டவுனில் 1967 டிசம்பரில் பர்னார்டு மாற்றிய முதல் இதயம் 18 நாள் துடித்தது. நோயாளியைக் கொண்டுபோனது நிமோனியா, அதற்கு வழிவிட்டது எதிர்ப்பை அடக்கக் கொடுத்த மருந்து. அன்றைய மருந்துகள் சம்மட்டி. ஜப்பானில் சுகுபா மலையடிவார மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் எடுத்த டாக்ரோலிமஸ் அதைவிட நுணுக்கமானது. டி செல் ‘ஆள் திரட்டு’ என்று கூவும் அந்தச் சமிக்ஞையை மட்டும் வெட்டும். ஆனால் அளவு தவறினால் இரண்டு பக்கமும் வெட்டும். கூடினால் சிறுநீரகம், குறைந்தால் இதயம்.

கழுத்து ரத்தக்குழாய் வழியே கம்பி விட்டு இதயத் தசையில் கடுகளவு ஐந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதுதான் கண்காணிப்பு. எட்டாம் நாள் 1ஆர், அதாவது லேசான நிராகரிப்பு, சிகிச்சை வேண்டாத அளவு. அதன் பிறகு எல்லாம் சுத்தம். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்துவிட்டு, 94-ஆம் நாள் மலையேறினார்கள். துணைக்குக் கம்பத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். மருமகளின் மாத்திரை முழுவதும் அவர் பொறுப்பு.

தொலைபேசியில் ஒரு சொல்

98-ஆம் நாள் தொண்டையில் வெள்ளைப் படலம், விழுங்கினால் வலி. பூஞ்சைத் தொற்று. ஃபுளுகோனசோல் 14 நாளைக்குத் தொடங்கினோம். இந்த மருந்து, டாக்ரோலிமஸைக் கரைக்கும் கல்லீரல் நொதியைக் கட்டிப்போடும். அளவு ஏறும். அதனால் காலை மூன்று, இரவு மூன்று என்றிருந்த ஒரு மில்லிகிராம் மாத்திரைகளை இரண்டு, இரண்டாகக் குறைத்தோம். ஃபுளுகோனசோல் முடிந்ததும் நொதி திரும்ப எழும். அப்போது பழையபடி மூன்றாக ஏற்ற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பொறி. தெரிந்தே விழுகிற பொறி.

112-ஆம் நாள் நான் விடுப்பில் இருந்தேன். சக ஊழியர் அழைத்திருக்கிறார், நல்ல பெண், வேலையில் குறை சொல்ல முடியாது. ஜூலை மழை, மலையில் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கிறது. மலையாளத்தில் அவர் சொன்னது: “ராவிலெயும் ராத்ரியும் ஒன்னு கூடி கழிக்கணம்.” இன்னும் ஒன்று சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று பொருள். மலையாளத்தில் கழிப்பது என்றால் உண்பது.

கம்பத்து அம்மாவுக்குக் கழிப்பது என்றால் கழிப்பதுதான். போன முறையும் குறைக்கத்தானே சொன்னார்கள். போகப் போக மாத்திரை குறையும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பேரனின் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு, பென்சிலால் ‘1 கழி’ என்று எழுதிக்கொண்டார். இரண்டில் ஒன்று போனால் ஒன்று. நொதி முழு வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்த வாரத்தில் மருமகளுக்குப் போனது, போக வேண்டிய மருந்தில் மூன்றில் ஒரு பங்கு.

117-ஆம் நாள் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்திருக்க வேண்டும். குட்டிக்கானம் இறக்கத்தில் மண் சரிந்து கே.கே. ரோடு, அதாவது கோட்டயம்-குமுளி ரோடு, அடைத்துக் கிடந்தது. ரோடு திறந்தால் வருகிறோம் என்றார்கள், சரி என்றோம். ரோடு திறந்தது. யாரும் திரும்ப அழைக்கவில்லை. அவர்களும் இல்லை, நாங்களும் இல்லை.

மாற்றிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். அது தாக்கப்படும்போது நெஞ்சு வலிக்காது. இவருக்கு முதலில் தெரிந்தது கால் விரலில். மெட்டி கழலவில்லை என்று மருமகள் சொன்னதும் மாமியார் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறார். மறுநாள் பாதம் பொம்மென்று வீங்கியது. 131-ஆம் நாள் ஜீப் பிடித்து வந்துவிட்டார்கள்.

மருந்தின் அளவு, மில்லிலிட்டருக்கு 2.9 நானோகிராம். இருக்க வேண்டியது பத்தை ஒட்டி. கீழறை தள்ளும் பங்கு 60-லிருந்து 42-க்கு இறங்கியிருந்தது. துணுக்குப் பரிசோதனையில் 2ஆர், பல இடங்களில் டி செல்கள் புகுந்து தசையைச் சிதைத்திருந்தன. அதோடு நிற்கவில்லை. நுண்குழாய்களின் சுவரில் சி4டி சாயம் பிடித்தது, எதிர்ப்பொருள் வந்து ஒட்டியதன் தடம் அது. ரத்தத்தில், கொடையாளியின் டி.கியூ.7 என்ற அடையாளத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், செறிவு 6,800. மாற்றும்போது அது பூஜ்யம்.

மூன்று நாள் மீத்தைல்பிரட்னிசலோன், தினம் ஒரு கிராம். ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை நீக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முறை பிளாஸ்மா மாற்றம். அதன் மேல், எதிர்ப்பொருளை அடக்க இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்சிமாப். ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்தது.

நோட்டைப் பார்த்தது அந்த வாரத்தில்தான். என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலை எட்டு, இரவு எட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக். “நீங்க சொன்ன மாதிரிதான தாயி குடுத்தேன்?” என்றார். “நீங்க சரியாத்தாம்மா குடுத்திருக்கீங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

கூட்டத்தில் பேசியதும் பேசாததும்

மருத்துவமனையின் ஆய்வுக் கூட்டத்தில் ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார்கள்: மொழிக் குழப்பத்தால் மருந்தளவு குறைந்தது, நிராகரிப்பு வந்தது. பொய்யில்லை. ஆனால் எதிர்ப்பாற்றல் ஆய்வகத்தின் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். 19 நாளில் ஒரு புது எதிர்ப்பொருள் இவ்வளவு உயரத்துக்கு ஏறுமா? முதன்முறையாகப் பார்க்கும் அந்நியத்துக்கு எதிராக உடம்பு இந்த வேகத்தில் ஓடுவது அபூர்வம். பழைய பகை என்றால் ஓடும்.

கணவரின் ரத்தத்தை அனுப்பினோம். அவருக்கும் டி.கியூ.7.

பிள்ளைகளில் ஒன்றோ இரண்டுமோ அப்பாவின் அந்த அடையாளத்தைத் தாயின் வயிற்றுக்குள் கொண்டு வந்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் காலப்போக்கில் ரத்தத்தில் வற்றிவிட்டது. நினைவுச் செல்கள் வற்றவில்லை. எங்கள் பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளைத்தான் எண்ணுகிறது, எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் காத்திருக்கும் நினைவை எண்ணுவதில்லை. 38 சதவீதம் என்று பார்த்தது, கண்ணுக்குத் தெரிந்த பங்கு மட்டும்.

என் கணிப்பு இது, ஒரு நோயாளியை வைத்து நிறுவ முடியாது என்றாலும் சொல்கிறேன். நினைவு பிரசவத்தில் வந்தது. 4 மணி 14 நிமிடமும், அதன் பின் அந்த இதயம் தடுமாறிய நாலு நாளும் அந்த நினைவைத் தட்டியெழுப்பின. எட்டாம் நாளின் 1ஆர் எங்களைப் பார்த்துக் கையசைத்தது, நாங்கள் ‘லேசானது’ என்று எழுதிவிட்டு நகர்ந்தோம். மருந்து அதைப் பிடித்து வைத்திருந்தது. பிடி தளர்ந்ததும் வந்துவிட்டது. தொலைபேசிச் சொல் கதவைத் திறந்தது, உள்ளே ஆளை உட்கார வைத்தது அதில்லை.

இரண்டு மாற்றங்கள் வந்தன. பிள்ளை பெற்ற பெண் பட்டியலில் சேர்ந்தால், கணவர் சம்மதித்தால் அவருடைய ரத்தமும் திசு வகைப் பரிசோதனைக்குப் போகிறது. மருந்தளவை மாற்றினால் ‘கூட்டு’, ‘குறை’ எதுவும் கிடையாது. காலை எத்தனை, இரவு எத்தனை என்று முழு எண்ணாக வாட்சப்பில் அனுப்பி, அவர்கள் எழுதிக்கொண்டதைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். மூன்றாவதாக நான் கேட்டது, தமிழ் தெரிந்த இன்னொரு ஆள். அது இன்னும் கோப்பில் இருக்கிறது.

இப்போது 20 மாதம். தள்ளும் பங்கு 56. டாக்ரோலிமஸ் 8.4. டி.கியூ.7 எதிர்ப்பொருள் 1,900-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது, போகவில்லை. அது இருக்கும்வரை இதயத் தமனிகளின் உட்சுவர் சத்தமில்லாமல் தடித்து வரலாம். முதல் ஆண்டு ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை, அடுத்தது தை மாதம். கொழுந்து கிள்ளப் போவதில்லை, தோட்டத்துப் பிள்ளைக்காப்பகத்தில் உதவிக்கு நிற்கிறார். பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சீந்தில் கஷாயம் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். மாமியார் எனக்கு அழைத்துக் கேட்டார், குடிக்கலாமா என்று. வேண்டாம் என்றேன்.

“எழுதி அனுப்பு தாயி” என்றார்.